திருவையாற்றில் ஒரு நாள்: காவிரிக் கரையில் பாட்டு கேட்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருவையாறு என்றால் பலருக்கும் டிவியில் பார்த்த காட்சிதான் நினைவுக்கு வரும். ஜனவரி மாதக் காலை, பந்தல் நிறைய வித்வான்கள் எதிரெதிராக உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். அவர் நினைவாக நடக்கும் ஆராதனை விழா அது. அந்த ஒரு மணி நேரம்தான் திருவையாறு என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பயந்து கடைசிவரை போகாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். முதல்முறை போகிறவர்கள் ஆராதனை இல்லாத ஒரு சாதாரண நாளில் போவதே நல்லது என்பது என் கட்சி. தியாகராஜர் அங்கே பாடியதும் சாதாரண நாட்களில்தான். ஆறு, கோயில், வீடு, சமாதி என்ற வரிசையில் ஒரு நாளைச் செலவழித்தால், அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்பே அந்த ஊரில் தொடங்கிய பாட்டும் காதில் விழும்.

எப்போது போவது

முதலில் பார்க்க வேண்டியது காவிரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து, ஜனவரி 28 அன்று மூடுவார்கள். இது எல்லா வருஷமும் நடக்கும் என்று சொல்ல முடியாது. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. திறந்த நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வரச் சில நாட்கள் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் படித்துறைக்குக் கீழே மணல்தான் இருக்கும். கோடையிலும் போகலாம், தப்பில்லை. ஆனால் ஆற்றைப் பற்றியே பாட்டு இருக்கிற ஊரில் ஆறு இல்லாமல் என்ன செய்வது?

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், குடை வேண்டும். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தைப்பூசம் ஆகிய நாட்களில் படித்துறையில் நிற்கவே இடம் இருக்காது. திருவிழாவுக்கென்றே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த நாட்களை விட்டுவிடலாம். இசைக் கல்லூரிப் பக்கமும் போக நினைத்தால் வார நாளாகப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் காதைத் தயார் செய்யுங்கள்

ஊரில் பார்ப்பதற்கு இருப்பது குறைவு, கேட்பதற்கு இருப்பது அதிகம். தயாரிப்பில்லாமல் போனால் ஒரு கோயில், ஒரு தெரு, ஒரு மண்டபம் என்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முந்தின வாரம் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பஞ்சரத்னம் ஐந்தையும் வரிசையாகக் கேளுங்கள். நாட்டையில் 'ஜகதாநந்தகாரகா', கௌளையில் 'துடுகு கல', ஆரபியில் 'ஸாதிஞ்செனெ', வராளியில் 'கனகனருசிரா', ஸ்ரீ ராகத்தில் 'எந்தரோ மஹானுபாவுலு'. முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. இந்த ஐந்து ராகங்களையும் கன ராகங்கள் என்பார்கள். வீணையில் தானம் (தாளமில்லாமல் துடிப்போடு ராகத்தை விரிப்பது) வாசிக்கப் பேர்போனவை. பல்லவி, அனுபல்லவி முடிந்து சரணங்களுக்கு வரும்போது, முதலில் ஸ்வரத்தைப் பாடிவிட்டு அதே மெட்டில் சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளைப் பாடுவார்கள். இந்த அமைப்பு பிடிபட்டுவிட்டால், மொழி தெரியாவிட்டாலும் பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். வராளியை மட்டும் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மற்ற நான்கும் தெரிந்தவர்களில் சிலர் நான்காவதில் வாயை மூடிக்கொண்டால் காரணம் அதுதான்.

ஐந்தும் ஆதி தாளம். பாடத் தெரியாதவர்களும் தாளம் போடக் கற்றுக்கொள்ளலாம். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து எண்ணுங்கள், நான்கு ஆயிற்று. அடுத்து ஒரு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. பாட்டு வேகமெடுக்கும்போது கையும் வேகமெடுக்கப் பார்க்கும், விடாதீர்கள். கர்நாடக இசையில் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வேலை உண்டென்றால் அது இதுதான்.

இந்த ஐந்தோடு நிறுத்த வேண்டாம். காவிரி ஓடிவருவதைப் பற்றித் தியாகராஜர் அசாவேரியில் பாடிய 'ஸரி வெடலின', திருவையாற்றின் அழகைச் சொல்லும் முகாரி ராகக் கீர்த்தனை 'முரிபெமு கலிகெ' இரண்டையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு தேவாரப் பதிகங்கள்: சம்பந்தரின் 'புலனைந்தும் பொறிகலங்கி', அப்பரின் 'மாதர்ப் பிறைக்கண்ணியானை'. முன்னது மேகராகக்குறிஞ்சிப் பண்; இப்போது நீலாம்பரியில் பாடுகிறார்கள். பின்னது காந்தாரப் பண்; இப்போது நவரோஜ். இந்த நான்கும் இந்த ஊரைப் பற்றியவை. பஞ்சரத்னத்தை எந்த ஊரிலும் கேட்கலாம், இவற்றை இங்கே கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

தஞ்சையிலிருந்து ஐந்து பாலங்கள்

திருவையாற்றுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூரில் இறங்கி, பழைய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் சுமார் 13 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்தும் பஸ் உண்டு, ஆனால் முதல்முறைக்குத் தஞ்சை வழிதான் என் தேர்வு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைக் கடந்து ஊருக்குள் நுழைவீர்கள். கூகுள் மேப்பை மூடிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். சில பாலங்கள் சின்னவை. பேசிக்கொண்டு வந்தால் தவறிப்போகும்.

காலை ஆறரைக்குள் பஸ் ஏறிவிடுவது நல்லது. கோயில் நடுப்பகலில் சாத்திவிடும், மாலை நாலு மணிவாக்கில்தான் மறுபடி திறக்கும். தாமதமாகப் போனால் வரிசை முழுவதும் குலைந்துவிடும்.

முதலில் படித்துறை

இறங்கியதும் கோயிலுக்கு ஓடாமல் புஷ்ய மண்டபப் படித்துறைக்கு நடந்துவிடுங்கள். காலையில் குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள், திதி கொடுப்பவர்கள் என்று துறை நிறைய ஆள் இருக்கும். முன்னோர் காரியம் செய்துகொண்டிருப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

குளிக்க நினைத்தால் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வேகமாக ஓடினால் காலை நனைத்ததே போதும்.

இங்கே உட்கார்ந்து அசாவேரிக் கீர்த்தனையைக் கேளுங்கள். ஒரு இடத்தில் இரைச்சலோடும் இன்னொரு இடத்தில் அமைதியாகவும் ஓடி, திருவரங்கத்தைக் கண்டு, ஐயாறப்பனையும் கண்டு காவிரி போகிறாள் என்பதுதான் பாட்டின் சாரம். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள், ஸ்பீக்கரில் வைத்துத் துறையிலிருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். கோயிலுக்குள் அது தேவைப்படாது.

ஐயாறப்பர் கோயில்

பெரிய கோயில். இறைவன் ஐயாறப்பர், அம்மன் அறம்வளர்த்த நாயகி. தியாகராஜர் பாட்டில் இவர்களே பஞ்சநதீசர், தர்மசம்வர்த்தனி. ராம பக்தர் என்றே அறியப்படும் தியாகராஜர், இந்த அம்மன் மேலும் ஐயாறப்பர் மேலும் கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அடாணாவில் 'அம்ம தர்மஸம்வர்த்தனி' அதில் ஒன்று.

காலை பூஜை நேரத்தை ஒட்டிப் போங்கள். நாதஸ்வரமும் தவிலும் கேட்கலாம். ஓதுவார் இருந்தால் தேவாரமும் கேட்கலாம். பூஜைக்கு இடையூறில்லாத நேரம் பார்த்து, 'மாதர்ப் பிறைக்கண்ணியானை'யில் ஒரு பாட்டாவது பாட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிகம் பிறந்த இடமே இதுதான். கயிலாயம் போகப் புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பே நகராத நிலையில் ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. எழுந்தவர் கண்ணில் பட்டதெல்லாம் ஜோடி ஜோடியாக வந்த உயிர்கள்: யானை, கோழி, குயில், மயில், அன்றில், பன்றி, மான், நாரை, கிளி, மாடு. கயிலைமலை தேடிப் போனவர் ஊர்க் குளக்கரையில் கோழியையும் மாட்டையும் பார்த்துவிட்டு, கண்டறியாததைக் கண்டதாகப் பாடுகிறார். ஆடி அமாவாசையில் நடக்கும் அப்பர் கயிலைக் காட்சி விழா இந்தக் கதைக்காகத்தான். தமிழில் பக்திப் பாட்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பதிகம். திருவையாற்றுக்குப் போய்விட்டு இதைக் கேட்காமல் வந்தால் பாதி ஊரைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

பிரகாரத்தில் ஒரு இடம் உண்டு. அங்கே நின்று 'ஐயாறா' என்று உரக்கக் கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எங்கே நிற்பது என்று கோயில் பணியாளரைக் கேட்டால் காட்டுவார். கூட்டம் இருக்கும்போது எதிரொலியை எண்ணவே முடியாது. காலையில் ஆள் குறைவான நேரத்தில் ஒருவர் மட்டும் கூப்பிட, மற்றவர்கள் எண்ணுங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போயிருந்தால் அவர்களுக்கு இதுதான் அன்றைய நாளின் உச்சம்.

வெளிப்பிரகாரத்தில் வடகயிலாயம், தென்கயிலாயம் என்று இரண்டு தனிக்கோயில்கள் இருக்கின்றன. வடகயிலாயம் ராஜராஜ சோழனின் அரசி உலோகமாதேவி எடுப்பித்தது. கல்வெட்டில் ஆர்வமிருந்தால் அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியாது. தெற்குக் கோபுர வாசலில் ஆட்கொண்டார் சன்னதி, முன்னால் குங்கிலியப் புகை. அந்த வழியாக வெளியே வாருங்கள்.

திருமஞ்சன வீதி

தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்தார். குடும்பம் திருவையாற்றுக்கு வந்த பிறகு வாழ்நாள் முழுவதும் இந்தத் தெருவில்தான் இருந்தார். அவர் வாழ்ந்த இடத்தில் இப்போது இருப்பது புதுப்பித்துக் கட்டிய நினைவில்லம். பழைய ஓட்டு வீட்டை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இங்கே தெருதான் முக்கியம். தினமும் தம்புராவும் செம்புமாகத் தெருவில் பாடிக்கொண்டே போய், வீட்டார் போடும் அரிசியை வாங்கிக்கொள்ளும் உஞ்சவிருத்திதான் அவர் பிழைப்பு. தஞ்சை மன்னர் சரபோஜி அரசவைக்கு அழைத்தபோது மறுத்து, கல்யாணியில் 'நிதி சால ஸுகமா' பாடினார் என்று ஒரு கதை வழங்குகிறது. தஞ்சை இங்கிருந்து எவ்வளவு பக்கம் என்பதைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தீர்கள். ஒரு நடை போய்வந்தால் வாழ்க்கை மாறியிருக்கும், போகவில்லை.

இந்தப் பக்கத்துத் தெருக்களில் தியாகராஜர் ஒருவர் மட்டும் இல்லை. கதனகுதூகல ராகத்தில் கீர்த்தனை செய்த பட்டணம் சுப்ரமணிய ஐயர் பிறந்தது திருவையாற்றில். 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களையும் ஒரே ராகமாலிகையில் கோத்த மகா வைத்தியநாத ஐயரும் இந்த ஊரோடு தொடர்புள்ளவர்.

மதியம்

சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம், கடைத்தெருவில் சாதாரணச் சைவ ஹோட்டலே போதும். அசோகா மட்டும் விட்டுவிடாதீர்கள். பாசிப்பருப்பை வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறும் இந்த இனிப்புக்குத் திருவையாறு பேர்போனது. கடையில் நின்று சூடாகச் சாப்பிடுவதற்கும், பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம்.

வெயில் நேரத்தில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிப் பக்கம் போகலாம். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுற்றுலா இடம் இல்லை என்பதால் உள்ளே போக அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். முன்னரே எழுதிக் கேட்பது நல்லது. கிடைக்காவிட்டாலும் வகுப்பு நேரத்தில் வெளியே நடந்தால் ஏதாவது ஒரு வாத்தியம் காதில் விழ வாய்ப்புண்டு. சாதகம் செய்பவர்கள் ஒரே சங்கதியை (ஒரு வரியை மெருகேற்றும் ஒரு மாறுபாட்டை) திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கச்சேரியில் ஒரு நொடியில் கடந்துபோகிற பிடி எப்படி உருவாகிறது என்று அப்போது தெரியும்.

சமாதி: நாலரை மணிக்கு மேல்

வெயில் தாழ்ந்த பிறகு காவிரிக் கரையிலுள்ள தியாகராஜர் சமாதிக்குப் போங்கள். அவர் சன்னியாசம் வாங்கிக்கொண்டு, 1847 ஜனவரி 6 அன்று, புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமியில் மறைந்தார். சமாதியில் எழுப்பிய பிருந்தாவனம் நாளடைவில் கவனிப்பாரில்லாமல் போயிற்று. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் சீரமைத்தார்கள். பிறகு பாகவதர்களும் வித்வான்களும் கூடி வருஷா வருஷம் ஆராதனை நடத்தத் தொடங்கினார்கள். சீக்கிரமே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தும் கொண்டார்கள்.

இப்போது நாம் பார்க்கும் கோயில் பெங்களூர் நாகரத்தினம்மாள் கட்டியது. 1878இல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், சென்னையில் பெரும் புகழோடு பாடிப் பணம் சேர்த்தவர். அந்தச் சேமிப்பைக் கொட்டி இடத்தை வாங்கிக் கட்டி, 1920களில் குடமுழுக்கு செய்தார். அந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. சமாதியைக் கட்டியவரே அங்கே பாட முடியாது! அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஓர் ஆராதனை நடத்தினார். 1940இல் எல்லாத் தரப்பும் ஒன்றாயின, பெண்களும் பாட வந்தார்கள். கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கி 1952இல் காலமானார். அவருடைய சமாதியும் தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே இருக்கிறது; உட்கார்ந்த நிலையில் சிலை. வருகிறவர்களில் பலர் இதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். முதலில் அவரைப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே போங்கள் என்று சொல்வேன்.

உள்ளே மெதுவாகப் பாட விரும்பினால் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாடலாம். மைக் கிடையாது, தம்புரா கிடையாது, கூட்டமும் கிடையாது. முகாரிக் கீர்த்தனையை இங்கே கேட்கலாம், போன் சத்தத்தைக் குறைத்து. இருட்டும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஆராதனைக்கே போவதென்றால்

பஞ்சமி திதியைப் பொறுத்து தேதி மாறும். 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தஞ்சையில் முன்னதாகவே அறை போட்டுவிடுங்கள், திருவையாற்றில் தங்கும் இடங்கள் குறைவு. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். பந்தலில் தரையில்தான் உட்கார வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் ஓரமாக இடம் பாருங்கள்.

பஞ்சமியன்று காலை நாதஸ்வரம், திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து சமாதி வரை உஞ்சவிருத்தி ஊர்வலம், பிறகு ஒன்பது மணிவாக்கில் பஞ்சரத்னம். எல்லோரும் பந்தலில் இடம் பிடிக்க ஓடுவார்கள், ஊர்வலத்தோடு நடப்பவர்கள் குறைவு. எனக்கு ஊர்வலம்தான் பிடிக்கும். பஞ்சரத்னத்தை டிவியில் இன்னும் தெளிவாகக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரில் போவது சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான குரல்களுக்கு நடுவில் நம் குரலையும் சேர்க்கத்தான். பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

கச்சேரி கேட்பதற்கு அதற்கு முந்தின நாட்கள் மேல். ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். பெரிய பெயர்களுக்கு நடுவே, இப்போதுதான் மேடையேறும் இளையவர்களும் வந்து ஒரு கீர்த்தனை பாடிவிட்டு இறங்குவார்கள். சாயங்காலம் உட்கார்ந்தால் இரவுவரை நேரம் போவதே தெரியாது. ஆற்றங்கரைக் குளிருக்கு ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கையில் இருந்தால்

அன்றிரவே தஞ்சை திரும்பிவிடுங்கள். கடைசி பஸ் எப்போது என்று காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் தஞ்சையில் வீணை செய்யும் பட்டறை ஒன்றைப் பார்க்கலாம். பலா மரத்தில் செய்கிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் மூன்றும் ஒரே மரத்தில் குடைந்ததென்றால் ஏகாண்ட வீணை. அதற்கு விலையும் அதிகம், காத்திருக்கும் நாளும் அதிகம். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏழு தந்தி, அதில் நான்கு வாசிக்க, மூன்று தாளத்துக்கு. தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளை (கட்டைகளை) மெழுகில் பதிப்பதை மேளம் கட்டுவது என்பார்கள். ஒவ்வொரு மெட்டையும் மீட்டிப் பார்த்து, காதால் சரிபார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த வேலை நடக்கும்போது போனால் பேச்சுக் கொடுக்காமல் ஓரமாக நில்லுங்கள், கேள்விகளை அப்புறம் கேட்கலாம். வாங்கும் எண்ணம் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் எந்த மரம், ஏகாண்டமா ஒட்டு வீணையா, எப்போது கையில் கிடைக்கும் என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.